கெபெக் பிரிந்தால் பையன் வருவான்

சேலத்தில் பிரெஞ்சு மொழியை வைத்துப் பிழைப்பது என்பது பாதி நாள் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தொழில். நான் பதினைந்து வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு கல்லூரியில் இரண்டு மணி நேரம் பாடம். பிரெஞ்சு எடுத்தால் மார்க் சுலபமாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்த பதினோரு பிள்ளைகள். மதியத்துக்கு மேல் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் மொழிபெயர்ப்பு. நான் காரைக்காலில் பிறந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டுச் சேலம் வந்தவள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரமெல்லாம் நசுங்கிப்போன பிறகும் அந்த மொழி மட்டும் கையில் இருந்தது.

அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி என்றைக்காவது மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். நல்ல சேதி என்றால் அனுப்பியவருக்கு நன்றி. கெட்ட சேதி என்றால் படித்தவர் மேல் கோபம். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இது புரியும், ஆனால் வலிக்காது.

பலகை

அச்சக வாசலில் எனக்கென்று ஒரு பலகை மாட்டினார்கள். எழுதியவர் முதல் சொல்லை ஆசையாகப் பெரிதாக எழுதிவிட்டு, மீதிக்கு இடமில்லாமல் தவித்திருக்கிறார். தெருவிலிருந்து பார்த்தால் ‘பிரெஞ்சு’ மட்டும் தெரியும். ‘மொழிபெயர்ப்பு’ என்பதைப் படிக்க வேண்டுமானால் பலகையில் மூக்கு உரச வேண்டும்.

முதல் வாரம் ஓர் இளைஞர் வந்தார். தலையை ஈரமாக வாரியிருந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, மோவாயைத் தூக்கிக் காட்டினார். பிரெஞ்சு தாடி வைக்க வேண்டுமாம். மறுநாள் பெண் பார்க்கப் போகிறாராம். நான் விஷயத்தைச் சொன்னதும் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “பொம்பள ஆளா இருக்குதேன்னு நானும் யோசிச்சனுங்க. சேலத்துல எல்லாம் மாறிப்போச்சாட்ட இருக்குதுன்னு உக்காந்துட்டேன்.”

எட்மாஸ்டர் கண்டுபிடித்த தப்பு

குப்பண்ணன் என்னிடம் முதன்முதலாக வந்தது எழுபத்தெட்டாம் வருஷக் கடைசியில். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். அறுபது வயதிருக்கும். நாமக்கல், ராசிபுரம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வாழைச் சருகில் கட்டிய ஒரு கவுளி வெற்றிலையை மேஜையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நீலக் கடிதம் ஒன்றை எடுத்தார். அவருடைய ஒரே பையன் செல்வராஜ் கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் இன்ஜினியர். குடும்பத்தோடு போய் ஒரு வருஷம் ஆகிறது. பையன் எழுதினால் நாலு வரி எழுதுவான். பேத்தி வசந்திக்கு ஒன்பது வயது. அவள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். ஆனால் வேலூர்ப் பள்ளிக்கூடத்து எட்மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு இங்கிலீஷ் சரியாக வரவில்லை, ஒவ்வொரு சொல்லிலும் தப்பு என்று சொல்லிவிட்டாராம்.

தப்பு ஒன்றும் இல்லை, இது பிரெஞ்சு என்றேன். அந்த மாகாணத்தின் பெயரைப் பத்திரிகைகள் கியூபெக் என்று எழுதும். அங்கே இருப்பவர்கள் கெபெக் என்பார்கள். நாடு முழுக்க ஆங்கிலம், இவர்கள் மட்டும் பிரெஞ்சு. குடியேற வருகிறவர்களின் பிள்ளைகள் இனிமேல் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் போட்டிருந்தார்கள். இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். குப்பண்ணன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அவியவிய பாஷைய அவியவிய காப்பாத்தறாங்க. நல்லதுதானுங்க. அதுல எம்பேத்தி போயி மாட்டிக்கிச்சு பாருங்க.”

கெட்டியான ஆறு

அந்தக் கடிதத்தில் வசந்தி பனியைப் பற்றி எழுதியிருந்தாள். “தாத்தா, இங்கே மழை வெள்ளையாக, சத்தம் போடாமல் பெய்கிறது. ஆற்றோரம் எல்லாம் கெட்டியாகிவிட்டது. மனிதர்கள் அதன் மேல் நடக்கிறார்கள்.” வெளியே சேலத்து வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அச்சு இயந்திரம் தடக் தடக்கென்று கல்யாணப் பத்திரிகை அடித்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் பனி பெய்தது. எனக்கும் அது புதிதுதான். பனிக்கு உள்ள பிரெஞ்சுச் சொல்லைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். பனியைப் பார்த்ததில்லை.

குப்பண்ணனுக்கு ஆறு என்றால் காவிரிதான். மூன்று தடவை அந்த வரியைப் படிக்கச் சொன்னார். அடுத்த மாதம் வந்தபோது, மத்தியானம் கரையில் நின்று காவிரி அக்கரைவரை கெட்டியாகிவிட்டதாக நினைத்துப் பார்த்ததாகச் சொன்னார். கண்ணை மூடினால் தெரிந்ததாம், திறந்தால் ஓடியதாம். அதன் மேல் நடந்துபோனால் யாரும் கேட்க மாட்டார்களா என்றார். மாட்டார்கள் என்றேன். ஆனால் அவருடைய கவலை வேறாக இருந்தது: “நாம மேல நடந்துக்கலாமுங்க. அடியில இருக்கற மீனுக்கு, மேல பகலா ராவான்னு யாருங்க சொல்லுவா?”

எனக்கு நினைவிருக்கிறது

கெபெக்கில் அந்த வருஷம் கார் நம்பர் பலகைகளை மாற்றினார்கள். முன்பு ‘அழகிய மாகாணம்’ என்று போட்டிருந்ததாம். இப்போது ‘எனக்கு நினைவிருக்கிறது’ என்று போடுகிறார்களாம். வசந்தி எழுதியிருந்தாள்: “என்ன நினைவிருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் நிறைய சொன்னார். அப்பாவிடம் கேட்டேன். எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றார்.”

குப்பண்ணனிடம் லாரி இல்லை, காரும் இல்லை. ஆனாலும் இந்த விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் போகும் பஸ்ஸில் ஒவ்வொரு வண்டியின் பின்பக்கத்தையும் படித்துக்கொண்டே போனாராம். ஒலி எழுப்பவும், முருகன் துணை, நாமிருவர் நமக்கிருவர். அடுத்த முறை வந்ததும் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னார்: “நம்மூரு வண்டிக எல்லாம் பொறத்தால வாரவனப் பத்தியே எழுதிக்குதுங்க. தனக்கு என்ன நெனப்புன்னு ஒரு வண்டியும் எழுதிக்கலீங்க.”

மாணிக்கம் இயந்திரத்தை நிறுத்திய நாள்

அச்சகத்தின் சொந்தக்காரர் மாணிக்கம். நாற்பது வயதுக்காரர். விரலில் எப்போதும் மை. நான் படித்துச் சொல்வது முன்னறைக்குக் கேட்கும் என்றாலும் அவர் காதில் வாங்கியதே இல்லை. ஒரு நாள் வசந்தியின் கடிதத்தில், “இந்த மாகாணம் கனடாவை விட்டுப் பிரிந்து தனி நாடாகலாமா என்று எல்லோரையும் கேட்கப் போகிறார்கள்” என்ற வரியைப் படித்தேன். இயந்திரம் நின்றது. மாணிக்கம் வந்து கதவில் சாய்ந்துகொண்டார். “கேக்கப் போறாங்களா? சீட்டுல எழுதிப் போடச் சொல்லியா? ஜெயில்ல போடாமலா?” என்றார்.

அவருக்கும் ஒரு காலத்தில் தனி நாடு வேண்டியிருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இருபது வயதில் அம்மாபேட்டையிலிருந்து குகை வரை சுவர் சுவராக எழுதியிருக்கிறார். மறியலுக்குப் போய் மூன்று மாதம் உள்ளே இருந்திருக்கிறார். அந்த நாட்டின் கொடி, நாணயம், தபால்தலை எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று நோட்டில் வரைந்து வைத்திருந்தாராம். தபால்தலையில் மேட்டூர் அணையாம். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இயந்திரத்தை மறுபடி ஓட்டுவதற்குள் சொன்னார்: “கொள்கைய விட்டாச்சுன்னு ஒரு நாள் பேப்பர்ல பாத்தேன் டீச்சர். சுவத்துல எழுதுனத அழிக்கச் சொல்லக்கூட யாரும் வரல.”

புது நாட்டில் போர் போடுகிறவர்

என்னுடைய வாடிக்கையாளர்களில் அர்த்தநாரி என்ற ஒருவர் உண்டு. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். எங்கேயோ வாங்கிய பழைய பிரெஞ்சு கம்ப்ரசருக்கு வழிகாட்டிப் புத்தகம் படிக்க வருவார். கெபெக் சமாசாரம் மாணிக்கம் வாயிலாக அவர் காதில் விழுந்தது. புது நாடு என்றால் புதிதாக எல்லாம் கட்டுவார்கள், எல்லாவற்றுக்கும் முதலில் தண்ணீர் வேண்டும், கொடி ஏற்றுவதற்குள் நாலு வண்டியை இறக்கிவிடலாம் என்று கண்ணில் ஒளியோடு பேசினார். கப்பலில் வண்டி ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்றுகூட விசாரித்து வைத்திருந்தார்.

நான் பூகோளப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். கெபெக் முழுக்க நீலப் புள்ளிகள். எல்லாம் ஏரி. பெயர் வைத்து மாளாத அளவுக்கு ஏரி. நடுவில் கடல் போல ஓர் ஆறு. அர்த்தநாரி விரலை ஒவ்வொரு நீலப் புள்ளியின் மேலும் வைத்து வைத்து எடுத்தார். திருச்செங்கோட்டில் முந்நூறு அடி போயும் கல்தூள் புகை மட்டும் வந்த கிணறுகள் அவர் கண்ணில் ஓடியிருக்கும். புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இத்தன தண்ணி இருக்கற ஊருக்கு எதுக்குங்க தனி நாடு?”

கேள்வி

எண்பதாம் வருஷம் பிறந்ததும் வசந்தி ஒரு பத்திரிகைத் துண்டை அனுப்பினாள். மக்களிடம் கேட்கப் போகிற கேள்வி அதில் இருந்தது. கேள்வி என்றால் ஒரு வரி இருக்கும் என்று நினைத்தேன். அது ஒரு பத்தி. சட்டம் போடுவது நாங்களே, வரி வாங்குவது நாங்களே, வெளிநாட்டோடு பேசுவது நாங்களே, ஆனால் கனடாவோடு வியாபார உறவு இருக்கும், நாணயம் ஒன்றே இருக்கும், இதைப் பேசி முடிக்க எங்களுக்கு அனுமதி தருகிறீர்களா என்று போனது. அதைத் தமிழில் நிற்க வைக்க எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. மாணிக்கம் அதை எழுத்துக் கோத்து, ஒரே ஒரு பிரதி அடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

குப்பண்ணன் வந்ததும் அதைப் படித்துக் காட்டினேன். அவருக்கும் தம்பிக்கும் கொடிக்கால் பாகம் பிரிந்து பத்து வருஷம் ஆகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் இரண்டாவது தடவை படிக்க ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார். “போதுமுங்க, வெளங்கிருச்சு. அகத்தி மரம் தனி, கொடி தனி, ஊட்டு வாசல் தனி. கெணறு மட்டும் பொதுவு. இதுக்கு எதுக்குங்க இத்தன பேரக் கேக்கறாங்க? எந்தம்பி யாரையுமே கேக்கல.”

கபிலர்மலையில் ஒரு வேண்டுதல்

கெபெக் பிரிய வேண்டும் என்று குப்பண்ணன் விரும்பினார். ஏன் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பிரிந்துவிட்டால் ஆங்கிலம் பேசுகிறவர்களின் கம்பெனிகள் எல்லாம் மூட்டை கட்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். செல்வராஜ் வேலை பார்ப்பது அப்படி ஒரு கம்பெனியில். வேலை போனால் ஊருக்குத்தானே வர வேண்டும்? அவனும் அப்படித்தான் எழுதியிருந்தான். குப்பண்ணனின் மனைவி இறந்து இரண்டு வருஷம். காரியத்துக்கு வந்த பையன் பத்து நாள் இருந்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான்.

கபிலர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டதாக அவரே சொன்னார். கெபெக் தனி நாடானால் பால்குடம் எடுக்கிறேன் என்று. அந்த மலையில் மழைக்கு வேண்டியிருப்பார்கள், பிள்ளைக்கு வேண்டியிருப்பார்கள். கடல் தாண்டி ஒரு தேசத்தின் விடுதலைக்காக நின்றவர் இவராகத்தான் இருக்கும். அர்ச்சனைக்கு என்ன பெயர் சொன்னீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டார்: “பேரு கெபெக்குன்னனுங்க. ஐயரு நட்சத்திரம் கேட்டாரு. தெரியாதுன்னேன். அப்ப சாமி பேருக்கே பண்ணிடலாம்னுட்டாருங்க.”

நான் படிக்காத வரி

பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல எனக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம், தோழியோடு சண்டை, பனியில் சறுக்குகிற கட்டை. நடுவில் வசந்தி குழந்தைத்தனமாக எழுதியிருந்தாள்: “பிரிந்தால் நாம் டொரண்டோ போய்விடுவோம் என்று அப்பா சொல்கிறார். ஊருக்குத் திரும்புவோம் என்பது தாத்தாவுக்காகச் சொல்வதுதான் என்று அம்மாவிடம் சொன்னார்.”

எதிரே குப்பண்ணன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, கோவிலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். நான் அந்த இரண்டு வாக்கியத்தையும் தாண்டிப் போய், அதற்குக் கீழே இருந்த முத்தத்தைப் படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். கடிதத்தை வாங்கி, மடிப்பு கலையாமல் மடித்தார். “சின்னக் கடுதாசிங்க. பனி சாஸ்தியாட்ட இருக்குது. புள்ளைக்குக் கை வெறைச்சிருக்கும்.”

நாடு மாறினால் எப்படி இருக்கும்?

ஏப்ரலில் குப்பண்ணன் வந்தபோது கடிதம் எதுவும் இல்லை. சும்மா வந்தேன் என்றார். நாடு மாறும் நாளில் மனிதர்களுக்கு என்ன ஆகும், பேத்தி பயந்துகொள்வாளா என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அது எனக்குத் தெரியும் என்றேன். காரைக்காலில் எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். படுக்கப் போகும்போது ஒரு தேசம், எழுந்தபோது ஒரு தேசம். காலையில் ஒரே வித்தியாசம், கொடிக்கம்பத்தில் வேறு துணி. அரசலாறு போன பக்கமே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரீ மட்டும் வகுப்பில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, எதுவும் எழுதாமல், வெகுநேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வீட்டில் வழக்கமான மீன் குழம்பு.

பின்னாளில் என் அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு கப்பலேறினான். நான் ரயிலேறினேன். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. இதையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. குப்பண்ணன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். என்னைத் தேற்ற நினைத்தாரா, தன்னையா, தெரியவில்லை: “கொழம்பு மாறலீல்லுங்க? அப்ப புள்ள பயந்துக்காது.”

நாளை

மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. மாணிக்கம் அச்சகத்துக்கே டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்துவிட்டார். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று சேதி வந்தபோது, அவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த கேள்வியை நகத்தால் சுரண்டி எடுத்தார். கிழித்துப் போடவில்லை. தன் மேஜை டிராயரில் வைத்தார்.

குப்பண்ணன் ஜூன் நடுவில், மாம்பழ வாசனை தெருவெல்லாம் அடிக்கிற நாளில், ஒரு கடிதத்தோடு வந்தார். வாக்கெடுப்புக்கு முந்தின நாள் எழுதி, மூன்று வாரம் கடல்களைத் தாண்டி வந்த கடிதம். கடிதத்துக்குள் அந்தப் பொழுது இன்னும் விடியவில்லை. “நாளைக்குத்தான் அந்த நாள். தெருவில் எல்லா சன்னலிலும் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் சன்னலில் ஒன்றும் இல்லை. மரமெல்லாம் புது இலை விட்டிருக்கிறது. தாத்தா, நீங்கள் இதைப் படிக்கும்போது நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியாது.”

“பிரியலீங்களே” என்றார் குப்பண்ணன். “பிரிஞ்சிருந்தா பையன் வந்திருப்பான்.” வாழ்நாள் முழுக்க அவர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. ஆனால் நம்பிக்கை பொய்த்தது ஒரு வருத்தம், அந்த நம்பிக்கையை வளர்க்க நான் துணைபோனது இன்னொரு வருத்தம். பிப்ரவரிக் கடிதத்தில் விட்ட வரியைச் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. வெற்றிலைக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எழுந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்: “அது எங்கூட்டு வரியுங்க டீச்சரம்மா. கசப்போ இனிப்போ, எங்கூட்டுக்கு வந்தது. நீங்க எப்படி வெச்சுக்கலாம்?”

சிவப்பு மை

ஆறு மாதம் அவர் வரவில்லை. ஏற்காட்டில் பிரெஞ்சு தெரிந்த வயதான பாதிரியார் ஒருவர் இருக்கிறார், அவரிடம் மலையேறிப் போகிறார் என்று மாணிக்கம் விசாரித்துச் சொன்னார். நான் மத்தியானங்களில் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாண்ட்ரியலில் இப்போது இலைகள் சிவந்திருக்கும், இப்போது உதிர்ந்திருக்கும், இப்போது அந்த ஆறு உறைய ஆரம்பித்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. யாருடைய பேத்தியோ. நான் பார்த்ததுகூட இல்லை. அவள் தோழியோடு சண்டை தீர்ந்ததா என்று தெரியாமல் தவித்தேன்.

தை பிறந்ததும் குப்பண்ணன் வந்தார். பழைய இடத்தில் உட்கார்ந்து, நாலு கடிதங்களை மேஜையில் வைத்தார். எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மையால் திருத்தம். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை, ஒரு பக்கத்தின் அடியில் மதிப்பெண்கூட இருந்தது. பாதிரியார் பழைய வாத்தியாராம். கையும் பேனாவும் கேட்கவில்லை போலிருக்கிறது. குப்பண்ணன் அந்தச் சிவப்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “பாதிரியாரு ஒரு வரி உடாம படிச்சாருங்க. ஆனா கடுதாசி பூராவும் கீறி வெச்சுட்டாரு. நீங்க ரெண்டு வரிதானுங்க முழுங்குனீங்க.”

டொரண்டோ

மாகாணம் பிரியவில்லை. ஆனாலும் செல்வராஜின் கம்பெனி எண்பத்திரண்டில் டொரண்டோவுக்கு மாறியது, அவனும் கூடவே மாறினான். கெபெக் பிரிந்தால் நடக்கும் என்று பயந்தது, பிரியாமலேயே நடந்துவிட்டது. வசந்தி புதுப் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தாள், ஆங்கிலத்தில் எழுதினாள். வேலூர் எட்மாஸ்டரே படித்துவிடுவார். தப்பு எதுவும் இல்லை என்று இப்போது பாராட்டுகிறாராம்.

இதைச் சொல்வதற்காகவே குப்பண்ணன் ஒரு நாள் வந்தார். படிக்க எதுவும் இல்லாததால் இருவரும் அச்சு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபி வரவழைத்தேன். அதையும் குடித்து முடித்தோம். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டார்: “இனிச் சேலம் வாரதுக்கு எனக்குக் காரணம் ஒண்ணும் இல்லீங்க. வெத்தலைய மட்டும் கண்டக்டர்கிட்டக் குடுத்து உடறேன்.” கடைசி வரை அப்படியே கொடுத்தனுப்பினார்.

மாணிக்கத்தின் விசாரணை

எண்பத்தாறு கோடையில் வாசலில் ஓர் உயரமான பெண் நின்றாள். பேண்ட், சட்டை, தலை நிறைய யாரோ வைத்துவிட்ட மல்லிகை. பின்னால் குப்பண்ணன், புது வேட்டியில். வசந்தி. விடுமுறைக்கு ஒரு மாதம் வந்திருந்தாள். கண்ணால் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். நான் மனதில் வளர்த்திருந்த ஒன்பது வயதுக் குழந்தையை இந்தப் பெண் எங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள் என்று.

என்னை முந்திக்கொண்டு மாணிக்கம் வந்துவிட்டார். கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே, ஆறு வருஷமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். அந்தத் தனி நாடு அவ்வளவுதானா? முடிந்துபோயிற்றா? மறுபடி எப்போதாவது கேட்பார்களா? வசந்தி தமிழைத் தேடி எடுத்தாள். கிடைத்தது அசல் பரமத்தி வேலூர்த் தமிழ். “தூங்குதுங்க. சாகலீங்க. நான் காலேஜுக்கு மறுக்கா மாண்ட்ரியல்தான் போறனுங்க. அப்பாவுக்குப் புடிக்கலீங்க. மறுக்கா கேட்டாங்கன்னா சீட்டுப் போட நானும் இருப்பனுங்க.” மாணிக்கம் அன்று மத்தியானம் முழுக்க ஒரு தாள்கூட அடிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவரிடம், “நாளைக்கு வாங்க, இன்னிக்கு இயந்திரத்துக்கு லீவு” என்றார்.

நேருக்கு நேர்

பிறகு எனக்கும் அவளுக்கும் பேச நேரம் கிடைத்தது. பிரெஞ்சில் பேசுவோம் என்று ஆசையாக ஆரம்பித்தேன். கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு அசையையும் தட்டில் வைத்து நீட்டுவதுபோல் பேசினேன். அவள் முகம் மலர்ந்தது. பதில் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள், இன்னும் வேகமாக. பாதிச் சொல் மூக்குக்குள் போனது, மீதிச் சொல் சந்து முனையில் பஸ் திரும்புவதுபோல் கோணிக்கொண்டு வந்தது. காகிதத்தில் எழுதியிருந்தால் ஒரு மூச்சில் படித்திருப்பேன். வாயிலிருந்து வந்தபோது அது நான் படிக்காத ஒரு மொழி. மூன்றாவது தடவையும் நான் “என்ன?” என்று கேட்டதும் அவள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

குப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்த மீசைக்குக் கீழே உதடு மெதுவாகப் பிரிந்தது. நாலு வருஷத்தின் கடிதங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. தணிந்த குரலில் கேட்டார்: “ஏனுங்க டீச்சரம்மா, இத்தன நாளா நீங்க படிச்சது எம்பேத்தி எழுதுனது தானுங்களா?”

கடிதம் எழுதியவர் கடல் தாண்டி இருக்கும்வரைதான் எங்கள் தொழிலுக்கு மரியாதை, அவர் நேரில் வந்து வாயைத் திறந்துவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதே உத்தமம்.